மாஃபி அண்ணன் மாப்பிள்ளை ஆன கதை

பிள்ளைகளே, துபாய் முழுக்கத் தேடினாலும் வாயிலிருந்து ஒரு விவரம் வாங்க முடியாத மனுஷர் ஒருத்தர்தான் உண்டு. அல் குசைஸில் என்னோடு ஒரே ரூமில் இருந்த மாஃபி அண்ணன். மாஃபி என்றால் அரபியில் 'இல்லை'. ஊர், வயசு, பிறந்தநாள் எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான் வரும். சலூன்காரர் போன் நம்பர் கேட்டார் என்று பாதி வெட்டின தலையோடு எழுந்து வந்தவர்.

அப்படிப்பட்டவர் துணை தேடி ஒரு ஆப்பில் சேர்ந்தார். படத்தில் ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, மூக்கை மூடிய துணி, பின்னால் ஒரு கிரேன். பெயர் நண்பன். ஊர் தமிழ்நாடு. வேலை உண்டு.

"அண்ணே, இதுக்குப் பொண்ணு கிடைச்சா அது கிரேனுக்குத்தான்" என்றான் ரூமில் இருந்த டிரைவர் குமரேசன்.

கிடைத்தது அண்ணனுக்கே. அந்தப் பெண்ணின் படத்தில் ஒரு குடை மட்டும். யாழ்ப்பாணம், ஷார்ஜாவில் ஆபீஸ் வேலை என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். மாதக்கணக்கில் எழுதிக்கொண்டார்கள். இவர் பெயர் அவருக்குத் தெரியாது, இவர் வைக்கிற ரசம் தீய்ந்துபோவது தெரியும். அவர் ஆபீஸ் இவருக்குத் தெரியாது, லிஃப்டில் ஏற அவர் பயப்படுவது தெரியும். அண்ணன் போனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்ததும் ரூமே பயந்துபோயிற்று.

ஒருநாள் குழாயில் தண்ணீர் நின்றுவிடப் போகிறது என்று, போனைத் திறந்தபடியே போட்டுவிட்டுக் குளிக்க ஓடினார். நல்லது செய்வதாக நினைத்துக் குமரேசன் அதை எடுத்தான். முழுப்பெயர், கம்பெனி, ரூம் நம்பர், முகம் தெரிகிற போட்டோ, எல்லாவற்றையும் ஆப்பில் ஏற்றிவிட்டான்.

சாயங்காலமே ஒரு புரோக்கர் ஜாதகக் கட்டோடு வாசலில் நின்றார். அதையாவது தாங்கலாம். குடைக்காரப் பெண் எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை: "நீங்கள் ஆரெண்டு தெரியேல்லை. அவர் இப்பிடி எல்லாத்தையும் கொட்டமாட்டார். இனி எழுதாதேங்கோ."

அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சாப்பாடும் மாஃபி.

உண்மையைத்தானே போட்டேன் என்று குமரேசன் முனகினான்.

"உண்மைதாண்டா. ஆனா எப்ப, யார்கிட்ட சொல்லணுங்கிறது என்னோடதுடா" என்றார். அவர் குரல் உடைந்து நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான்.

போட்டதையெல்லாம் அழித்தார். பிறகு வெகுநேரம் யோசித்து ஒரே வரி எழுதினார்: "இன்னைக்கும் ரசம் தீஞ்சிடுச்சு."

ரூமே அண்ணனின் தோளுக்கு மேலாகப் போனை எட்டிப் பார்த்தது. பதில் வந்தது:

"அடுப்பைக் குறைச்சு வையுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

குமரேசன்தான் முதலில் அழுதான்.

அடுத்த லீவு நாளில், கூட்டமான இடமாகப் பார்த்து, ஒரு சூப்பர் மார்க்கெட்டின் காய்கறிப் பக்கம் இருவரும் சந்தித்தார்கள். அந்தப் பெண் தோழிகளோடு வந்தார், அண்ணன் எங்களோடு போனார். வெயிலில்லாத அந்த ஏசிக் கடைக்குள்ளும் அவர் குடையை விரித்தே பிடித்திருந்தார், அடையாளத்துக்காம்.

அங்கேதான் அண்ணன் தன் பெயரைத் தானே சொன்னார். நாங்கள் கத்தரிக்காய் பொறுக்குவதுபோலத் திரும்பிக்கொண்டோம். எங்களுக்குத் தெரிந்த பெயர்தான். ஆனாலும் அவர் வாயால் கேட்டபோது புதுசாக இருந்தது.

என்ன பெயர் என்றா கேட்கிறீர்கள்? அடுத்த வாரம் இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டியாக நம் வீட்டுக்கு வருகிறார்கள். அவரிடமே கேளுங்கள். அவர் சொன்னால்தான் அதற்கு அழகு.