ஒழிந்த நேரக்காரர்

சோம்பேறியைச் சமாளித்துவிடலாம். திட்டலாம், அல்லது இவர் செய்ய மாட்டார் என்று தெரிந்து நாமே செய்துகொள்ளலாம். ஆனால் மாட்டேன் என்று வாயால் ஒருநாளும் சொல்லாத, கேட்டவுடன் தலையை ஆட்டுகிற, ஆட்டியதோடு நிற்காமல் ஒரு பட்டியலில் குறித்தும் வைத்துக்கொள்கிற, குறித்துவிட்டு நம்மைப் பார்த்து முகம் மலர்ந்து "ஒழிஞ்சப்போ பண்ணிடறேன்" என்கிற மனிதரை என்ன செய்வீர்கள்? அவர்தான் ஒழிந்த நேரக்காரர். நல்லவர். கடும் உழைப்பாளி. தொல்லையே அதுதான்.

அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அடையாளம் தெரிந்துவிடும். மிக்சி ஜாரின் மூடி ரப்பர் பேண்டின் தயவில் நிற்கும். பரணுக்கு ஏற வேண்டிய அட்டைப் பெட்டி கூடத்திலேயே தங்கி, நாளடைவில் அதன்மேல் ஒரு துணி விரிக்கப்பட்டு, இப்போது விருந்தாளிகள் அதில்தான் உட்காருகிறார்கள். இன்னும் ஆகவில்லையா என்று கேட்டுப் பாருங்கள். "லிஸ்ட்ல இருக்குங்க" என்பார், கொஞ்சம் மனம் புண்பட்டவராக. பட்டியலில் ஏறிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி என்பது அவருடைய கட்சி. மீதிப் பாதிக்கு ஒழிய வேண்டும். எப்போது ஒழியும்? அதைச் சொல்ல அவருக்கு இன்னும் ஒழியவில்லை.

இந்த இனத்தின் தேர்ந்த மாதிரி ஒருவர் எனக்குப் பக்கத்து அறைக்காரர். பெயர் முபின். திருவண்ணாமலையில் செங்கம் சாலை, ஆசிரமத்தைத் தாண்டி ஒரு காபிக்கடை மாடி. சும்மா இருப்பதற்கென்றே பல தேசத்திலிருந்து விமானம் ஏறி வருகிறவர்கள் தங்கும் பகுதி அது. கீழே அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருப்பார்கள். மேலே முபின் கண்ணை மூடாமல் கணினிக்கு நிரல் எழுதுவார். நான் அடுத்த அறையில் யாரோ எழுதிய புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவேன்.

அவர் வீட்டுக் குளியலறைக் கதவுக்கு ஆறு மாதமாகத் தாழ்ப்பாள் இல்லை. ஓர் ஆணி, இரண்டு திருகு, கால் மணிநேர வேலை. பட்டியலில் இருந்தது. அதுவரை அந்தக் குடும்பம் பரஸ்பர ஒத்துழைப்பில் ஓடியது. உள்ளே இருப்பவர் பாட வேண்டும். வெளியே இருப்பவர் பாட்டு நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். முபினின் மனைவி சதஃப் நன்றாகவே பாடுவார். முபின் குளிக்கும்போதுதான் தெருவுக்குச் சிரமம்.

இந்த ஒத்துழைப்புத் தத்துவத்தை வீட்டில் கற்றாரா, கணினியில் கற்றாரா என்று எனக்குத் தெரியாது. ஏனென்றால் முபின் உலகுக்கு இலவசமாக வழங்கியிருக்கிற நிரல் நூலகமும் இதே தத்துவம்தான். நூலகம் என்றால் புத்தகம் இல்லை. ஒரு ஸ்கிரிப்ட் மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் எடுத்துச் செருகிக்கொள்ளும் ஆயத்தத் துண்டு. ஒரே கணினியில் பல வேலைகளை, இழை இழையாக, ஒரே சமயத்தில் நடப்பதுபோல நடத்திக் காட்டும்.

எனக்கு அவர் விளக்கிய விதம் இது. தெருவில் ஒரே குழாய். பத்துப் பேர் குடத்தோடு வரிசையில். அதட்ட ஆள் கிடையாது. ஒவ்வொருவரும் ஒரு குடம் பிடித்ததும் தாமாகவே விலகி வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும். எவராவது விலகாமல் அண்டா அண்டாவாகப் பிடிக்க உட்கார்ந்தால் தெருவே காய வேண்டியதுதான். "எல்லாம் மரியாதையில ஓடுது சார்" என்றார் முபின். சரி, துணி துவைக்க வருகிறவர்? அவருக்குத் தனி ஏற்பாடு. வரிசையில் யாருமே இல்லாதபோது மட்டும் குழாய் அவருக்கு. அப்படிப்பட்ட வேலைகளைப் போட்டுவைக்க நூலகத்தில் தனியாக ஒரு பட்டியல். அதற்கு முபின் வைத்த பெயர், ‘சும்மா’. கணினி சும்மா இருந்தால் இதைச் செய்யும்.

வரிசை ஓயவே இல்லையென்றால்? நான் கேட்கவில்லை. பிரேசில் நாட்டில் யாரோ ஒருவர் எட்டு மாதத்துக்கு முன்பே எழுதிக் கேட்டிருந்தார்: ஐயா, கூட்டம் அதிகமானால் சும்மாவில் போட்ட வேலை நடக்கவே மாட்டேன் என்கிறது, கவனிக்கவும். முபின் அன்றைக்கே நன்றி சொல்லிப் பதில் போட்டார். ஒழிஞ்சப்போ கவனிப்பதாக. கடிதம் பட்டியலில் ஏறியது, தாழ்ப்பாளுக்கு மேலே.

இப்போது ரேணுகாம்பாள் வருகிறார். அடி அண்ணாமலையில் நிலம் நீச்சு உள்ள குடும்பம், கெட்டிக்காரப் பெண்மணி. கிரிவலம் வருகிறவர்கள் பையையும் செருப்பையும் வைத்துவிட்டுப் போக, செங்கம் சாலையோரம் பெரிய தகரக் கொட்டகை ஒன்று எடுத்து, அலமாரி அடித்து, முதல் பௌர்ணமிக்குக் கடை திறக்கத் தயாராக இருந்தார். மாதாமாதம் பன்னிரண்டு பஸ்ஸில் பக்தர்களை அழைத்து வருகிற வழிகாட்டி சகாதேவன், இந்தத் தடவை நன்றாக நடந்தால் வருஷம் பூராவும் தன் பஸ்காரர்கள் எல்லோரையும் அங்கேயே அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ரேணுகாம்பாளின் கணக்கெல்லாம் அந்த ஒரு நாளில் இருந்தது.

கொட்டகைக்கு வேண்டிய டோக்கன் நிரலை, தன் நூலகத்தைச் செருகி, முபின் எழுதிக் கொடுத்தார். ஓர் இழை டோக்கன் அச்சடிக்கும். ஓர் இழை காலி இடம் தேடும். ஓர் இழை வெளிப்பலகையில் எண் காட்டும். எல்லாம் மரியாதையாக விலகி வழிவிடும். பை வெளியே போனதும் அந்த இடத்தில் அடுத்த பை போகும் என்பதால் எந்த எண் எந்த அலமாரியில் என்பது கணினிக்கு மட்டுமே தெரியும்.

"பைமேல ஒரு நம்பர் எழுதி ஒட்டிடட்டுமா தம்பி?" என்று ரேணுகாம்பாள் கேட்டார்.

"எதுக்குக்கா டபுள் வேலை? மிஷினுக்குத் தெரியும்."

இதையெல்லாம், கரண்ட் போனாலும் அழியாதபடி, டிஸ்க்கில் எழுதிச் சேமிக்கிற வேலை? அது கொஞ்சம் மெதுவானது, வரிசையை நிறுத்தும். ஆகவே ஒழிந்த நேரத்தில் நடக்கட்டும் என்று, நீங்கள் ஊகித்துவிட்டீர்கள், அதைச் சும்மாவில் போட்டார்.

சோதித்துப் பார்க்காமல் இல்லை. அமாவாசையன்று காலை முழுக்கச் சோதித்தார். அன்றைக்குக் கொட்டகைப் பக்கம் வந்தது ஒரு நாயும் நானும்தான். கணினி பெரும்பாலும் சும்மாவே இருந்தது. விழுந்து விழுந்து சேமித்தது. முபின் என் கையைக் குலுக்கினார்.

பௌர்ணமித் திதி அந்த மாதம் விடியற்காலையிலேயே தொடங்கியது. நாலரை மணிக்கு வரிசை ஆரம்பித்தது. பிறகு அது ஒரு கணம்கூட அறுபடவில்லை. டோக்கன் சளசளவென்று வந்தது, பலகை மின்னியது, நான் பைகளை வாங்கி வாங்கி உள்ளே தள்ளினேன், ரேணுகாம்பாள் முகத்தில் பூரிப்பு தாங்கவில்லை. சகாதேவன் வந்து எட்டிப் பார்த்து, "ஜோரா இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டே போனார். பத்தரை மணிக்கு உள்ளே அறுநூற்றுப் பன்னிரண்டு பைகள்.

அப்போது வரிசையிலிருந்த ஒரு பக்தர், சுவரோரம் பிளக் ஒன்று மாட்டியிருப்பதைக் கண்டார். பிடுங்கினார். தன் போனைச் செருகினார்.

பலகை அணைந்தது.

"ரெண்டே பர்சென்ட் இருந்துச்சு சார், வீட்ல தேடுவாங்க" என்றார் அவர், நியாயமாகவே.

கணினியை மறுபடி உயிர்ப்பித்தபோது அதன் நினைவில் இருந்தவை மூன்று பைகள். கடைசியாக அது சும்மா இருந்தது நாலரை மணிக்குச் சற்று முன்பு. அந்த மூன்றில் ஒன்று ரேணுகாம்பாளின் சாப்பாட்டுக் கூடை, ஒன்று என் குடைப்பை, ஒன்று முபினின் லேப்டாப் பை. மூன்றும் எங்கே இருக்கின்றன என்று துல்லியமாகச் சொன்னது.

மலையைச் சுற்றிய கால்கள் வலியோடு திரும்பி வந்துகொண்டே இருந்தன. "உங்க பை எப்படி இருக்கும்?" என்று முபின் ஒவ்வொருவராகக் கேட்டார். கறுப்பு. உங்களுடையது? கறுப்பு. ஜிப் வைத்தது. உங்களுடையது? கறுப்புதான், ஆனால் கொஞ்சம் பழசு. கறுப்பு அல்லாத பையோடு ஒருவர் வந்தபோது முபின் அவரைக் கட்டிக்கொள்ளாத குறை. பையைத் திறந்து, உள்ளே என்ன என்று கேட்டு, வேட்டி, மாத்திரை, சீப்பு, பேரனுக்கு வாங்கிய பொம்மை என்று ஒத்துப்பார்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. சகாதேவனின் பன்னிரண்டு பஸ்ஸும் ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டியவை. சாலையோரம் ஹாரன் அடித்தபடி நின்று, நாலேகாலுக்குக் கிளம்பின. ஒரு பைகூடத் தொலையவில்லை. ஆனால் அதைப் பாராட்டும் மனநிலையில் யாரும் இல்லை.

சகாதேவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"மொத தபா, அப்படித்தாம்மா இருக்கும்" என்றார் ரேணுகாம்பாளிடம். முகம் மலர்ந்தே இருந்தது.

"அடுத்த பௌர்ணமிக்கு வருவீங்க இல்ல? பைமேல நம்பர் ஒட்டிடறேண்ணே."

"பாக்கலாம்மா. ஒழிஞ்சப்போ போன் பண்றேன்."

பஸ் போயிற்று. ரேணுகாம்பாள் அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தார். முபின் என் பக்கம் வந்து நின்றார்.

"சார், அவரு போன் பண்ணமாட்டாரு இல்ல?"

"பண்ணமாட்டாரு."

"எப்படிச் சொல்றீங்க?"

"நீங்க பண்ணியிருக்கீங்களா?"

மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமாகத் தான் சொல்லிவந்த வாக்கியத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டது அவருக்கு அதுவே முதல் தடவை. எனக்கே பாவமாகிவிட்டது.

அன்று இருட்டுவதற்குள் நூலகத்தைத் திருத்திவிட்டார். சும்மாவில் போட்ட எந்த வேலையும் இனி ஓர் அளவுக்குமேல் காத்திருந்தால், யார் நின்றாலும் நிற்காவிட்டாலும், வரிசையின் முன்னால் வந்து நின்றுகொள்ளும். மொத்தம் ஏழு வரி. எட்டு மாதம் காத்திருந்த ஏழு வரி. பிரேசில்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். உடனே பதில் வந்தது: மிக்க நன்றி, ஒழிந்தபோது சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் தாழ்ப்பாளும் ஏறியது. கொஞ்சம் கோணல், ஆனால் விழுகிறது. சதஃப் மட்டும் உள்ளே போனால் இன்னும் பாடிக்கொண்டுதான் இருக்கிறார். ஆறு மாதப் பழக்கம், ஒரு திருகாணிக்கு அடங்குமா?

அதற்கப்புறம் இரண்டு பௌர்ணமி போய்விட்டது. ரேணுகாம்பாளின் கொட்டகைக்கு வழியில் போகிறவர்கள் வருகிறார்கள், பரவாயில்லை, கம்மிதான். பைமேல் எண் ஒட்டுகிறார். நடுவில் ஓயும்போதெல்லாம், இப்போது நிறையவே ஓய்கிறது, மேஜைமேல் மல்லாத்தி வைத்த போனை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறார். சகாதேவன் கெட்டவரில்லை. அந்த அம்மாள் பெயர் அவருடைய பட்டியலில் பத்திரமாக இருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு உங்களுக்குத் தெரிந்த இரண்டு பேர் முகம் நினைவுக்கு வந்து சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒழிந்த நேரத்தில்தானே படிக்கிறீர்கள்? அப்படியென்றால் ஒன்று கேட்கலாமா? போன வாரம் ஒருவரிடம் "ஒழிஞ்சப்போ கூப்பிடறேன்" என்றீர்களே, அவர் போனை எப்படி வைத்திருக்கிறார், மல்லாத்தியா, கவிழ்த்தா? தெரியாது இல்லையா? பரவாயில்லை, அவசரமில்லை. கூட்டம் ஓயட்டும். அதற்குள் யாரோ ஒருவருக்கு இரண்டு பர்சென்ட் மட்டும் மிச்சமிருந்து, உங்கள் சுவரோரப் பிளக் அவர் கண்ணில் பட்டுவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.