கொடியில் உட்கார்ந்த கொக்கு

எங்கள் தெருக் கூரைகளையெல்லாம் காற்று அள்ளிக்கொண்டு போன புயலுக்கு மறு வருஷம். ஆட்சி மாறி, ஊரில் பாதி வேட்டிகளுக்குக் கட்சிக் கரை வந்துவிட்டது. எங்கள் கூலி மட்டும் மாறவில்லை.

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே கிழிந்த துணியைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் கிழிசல் அண்ணன்தான். வாய்க்கால் மதகில் உட்கார்ந்து ஓட்டைகளை இழை இழையாகப் பின்னி அடைப்பார். மற்றவர்கள் அடைத்தால் இடம் தெரியாது. இவர் அடைத்த இடத்தில் நண்டு இருக்கும், நத்தை இருக்கும். என் துண்டில் ஒரு தவளை.

"ஏண்ணே தவளை?"

"ஓட்டை அப்படித்தான் குந்தியிருந்துச்சு. நான் என்ன பண்ண?"

கடையில் நூல் வாங்க மாட்டார். அந்தந்தத் துணியின் மடிப்பிலிருந்தே இழை உருவுவார். மடிப்பு இற்றுப்போயிருந்தால் பக்கத்தில் கிடக்கும் துணியிலிருந்து உருவி, அதற்குப் பதிலாக இந்தத் துணியின் நல்ல இடத்து இழையை அந்தத் துணியில் வைத்துவிடுவார். என் பெண்டாட்டி சேலையில் அடுத்த வீட்டுக்காரர் கோவணம் கலந்தது இப்படித்தான். அது தனிச் சண்டை.

அந்த வருஷம் சம்பா முற்றித் தலை சாய்ந்து நின்றது. கூலி கூட்டாமல் அரிவாளைத் தொடுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டோம். பத்து நாளில் அங்கே கதிர் உதிர்ந்தது, இங்கே அடுப்பு அவிந்தது. கடைசியில் மிராசுதார், களத்தில் வந்து பேசலாம் என்று சொல்லி அனுப்பினார். எங்கள் சங்கத்துச் செங்கொடி கிழிந்திருந்ததால் அண்ணனிடம் கொடுத்தோம். மிராசுதார் வீட்டிலிருந்து, எலி கடித்த சிவப்புப் பட்டுக்கரை அங்கவஸ்திரமும் அண்ணனின் துணிக்கூடைக்கு வந்திருந்தது எங்களுக்குத் தெரியாது.

பேச்சு நாளன்று களத்தில் கொடியை நட்டோம். வெயில் பட்டதும் கொடி நடுவே ஒரு கொக்கு பளபளத்தது.

மிராசுதாரின் காரியஸ்தர் கண்ணைச் சுருக்கினார். "ஐயா, அது நம்ம பட்டுங்க."

எங்கள் சங்கத் தலைவர் மிராசுதார் தோளைப் பார்த்தார். பட்டுக்கரையில் மங்கலாக ஒரு நண்டு. "அது எங்க கொடி நூலு."

பேச்சு முறிந்தது. மிராசுதார் எழுந்துவிட்டார். இரண்டு பக்கத்து ஆட்களும் ஓடிப்போய் அண்ணனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"மொதல்ல ரெண்டையும் பிரிடா" என்றார் மிராசுதார்.

"ஆமாண்ணே, பிரிச்சுடு" என்றார் தலைவர்.

அண்ணன் இரண்டு துணியையும் தடவிப் பார்த்தார். "பிரிக்கிறேங்க. ஒவ்வொரு இழையா உருவணும், எட்டு நாளாவும். கொடி இல்லாம இவுங்க பேச மாட்டாங்க. அங்கவஸ்திரம் இல்லாம நீங்க வெளில வர மாட்டீங்க. அதுவரைக்கும் நெல்லு நிக்குங்களா?"

எல்லாரும் வயலைப் பார்த்தோம். மிராசுதார் உட்கார்ந்தார்.

"கூலியப் பேசுங்கய்யா. இவன அப்புறம் பாத்துக்கறேன்."

"நாங்களும் அப்புறந்தான் பாத்துக்கணும்" என்றார் தலைவர். கூலிக்கு முன்னால் இரு தரப்பும் ஒத்துப்போனது அண்ணன் விஷயத்தில்தான். பொழுது சாய்வதற்குள் கூலி கூடியது. விடிந்ததும் வயலில் இறங்கினோம்.

அறுப்பு முடிந்தும் பிரிக்கச் சொல்லி யாரும் போகவில்லை. "ஒருத்தரும் வரலியேப்பா" என்று அண்ணன்தான் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

இப்போது அண்ணன் இல்லை; அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. இதைப் படித்தவர்கள் இன்னும் இரண்டு பேரிடம் சொல்லிவையுங்கள்; அப்படித்தான் அந்த மனுஷன் இருக்க முடியும்.