நாடி சரியில்லை

நாயாறு
சனிக்கிழமை பின்னேரம்

மதிப்புக்குரிய கூத்து அண்ணாவியார் தோமஸ் அண்ணை அவர்களுக்கு,

உங்கள் தம்பி செபமாலை எழுதுவது. நீங்களும் அக்காவும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்க வேண்டும். எனக்கும் நாடியைத் தவிர மற்ற எல்லா இடமும் சுகம். நான் சொல்லுவது வாய்க்குக் கீழே இருக்கிற நாடி. கையைப் பிடித்துப் பார்க்கிற நாடி அல்ல, அது நன்றாகவே துடிக்கிறது. கடிதத்தை இப்படித் தொடங்க வேண்டிய நிலைக்கு என்னை ஆளாக்கிவிட்டார்கள்.

திருநாள் கூத்துக்கு ஒத்திகை தொடங்கியதும், ராணி வேசம் போடுகிற என் முகம் வழுவழுவென்று இருக்க வேண்டுமே என்று பழைய பிளேட்டால் கீழிருந்து மேலாக இழுத்து இழுத்து வழித்தேன். கொஞ்ச நாளில் நாடியில் ஒரு சிவந்த கட்டி. முதலில் நுளம்புக் கடி என்று நினைத்தேன். பிறகு கண்ணூறு என்று நினைத்தேன், ஏனென்றால் புதிதாகக் கூத்துப் பழக வந்த அனிஸ்ரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவன். தையல் ஊசியால் கிண்டினேன், பற்பசை பூசினேன், அதுவும் போதாதென்று மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பினேன். தோல் வெந்து, சீழ் கட்டி, நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. என் மனுசி புனிதம் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டொக்டர் குளிசை எழுதினார். தர்மிளா என்ற நேர்ஸ் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கம் சொன்னது.

"ஐயா, வழிச்ச முடி வெளியில வராமல் வளைஞ்சு தோலுக்குள்ளயே போயிட்டுது. கிண்டாதேங்கோ, பிதுக்காதேங்கோ. சுத்தமான துணியை இளஞ்சூட்டுத் தண்ணியில நனைச்சு வையுங்கோ. புண் மாறுமட்டும் சவரம் கூடாது."

மாறிய பிறகும் புதுப் பிளேட்டால், நன்றாக நுரை போட்டு, முடி சாய்ந்த பக்கமாகத்தான் வழிக்க வேண்டுமாம். காய்ச்சல் வந்தாலோ சிவப்புப் பரவினாலோ உடனே திரும்பி வரவேண்டுமாம்.

அன்று பின்னேரம் அனிஸ்ரன் படலையில் வந்து நின்று, நான் ஏன் ஒத்திகைக்கு வரவில்லை என்று கேட்டிருக்கிறான். புனிதம் குசினிக்குள் நின்றபடியே, "அவருக்கு நாடி சரியில்லை, இனி ஆட ஏலாது" என்று சொல்லிவிட்டாள். அவன் எந்த நாடியை எடுத்துக்கொண்டு போனான் என்பது உங்களுக்கே தெரியும். மீன்வாடிக்குக் கதை போய்ச் சேர்ந்தபோது எனக்கு நாடி விழுந்துவிட்டது. கோயிலடிக்குப் போனபோது ஆள் தப்பாது. நானோ ஒன்றும் அறியாமல் நாடியில் சூட்டுத் துணியை வைத்து, வெளிச்சம் கண்ணில் படுகிறதென்று அதை முகம் முழுக்க இழுத்துவிட்டுப் படுத்திருக்கிறேன். நோயாளிக்குப் பூசுகிற எண்ணெயோடு வந்த பங்குச் சுவாமி, வாசலில் நின்று அந்த வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டு, "பிந்திட்டன் போல" என்று மெதுவாகச் சொன்னார். பின்னால் வந்த இரஞ்சிதம் மாமி ஒப்பாரியைத் தொடங்கிவிட்டா. என்ன சத்தம் என்று நான் எழும்பி இருந்தேன். மாமி மயங்கி விழுந்தா. எண்ணெய் அவாவுக்குத்தான் தேவைப்படும் போலிருந்தது.

அதெல்லாம் போகட்டும், அண்ணை. ராணி வேசத்தை அனிஸ்ரனுக்குக் கொடுத்துவிட்டீர்களாம். வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், கேட்டதும் அழுதேன். இத்தனை வருசமாக நீங்கள் ராசா, நான் ராணி. நான் மேடையில் கால் வைத்ததும் கச்சான் கடலை கொறிக்கிற பெண்கள் வாயை மூடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்துக்கொண்டுதான் மிச்ச நாளெல்லாம் கடலுக்குப் போகிறேன். அனிஸ்ரனுக்கு முகம் இருக்கிறது, குரல் இல்லை. என் கட்டியும் வற்றிக்கொண்டு வருகிறது. என் வேசத்தை எனக்கே திருப்பித் தாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு. மாதா உங்கள் வீட்டையும் வள்ளத்தையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ராணி
செபமாலை

பி.கு.: ஒட்டுவதற்கு முன் கடிதத்தைப் புனிதத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவள் என் முகத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்தத் தாடியோட ராணியோ? ராசா மாதிரியெல்லோ இருக்கிறியள்" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன், உண்மைதான். ஆகவே ராணி வேசம் அனிஸ்ரனிடமே இருக்கட்டும். உங்கள் ராசா வேசத்தை எனக்கு விட்டுத்தாருங்கள். உங்களுடையது ஒட்டுத்தாடி, அண்ணை. என்னுடையது ஆஸ்பத்திரியில் சொல்லி வளர்த்தது.