குளிரில் கிடக்க வேண்டிய துப்பாக்கி

இந்த ஈஸ்டருக்கு என் மாமியார் எங்கள் மலைக்குடிலில் கால் வைக்கக் கூடாது என்று பிப்ரவரி மாதமே முடிவு செய்துவிட்டேன். சாதாரண முடிவு இல்லை. பாதி முகத்தில் சோப்பு நுரையும் கையில் சவரக் கத்தியுமாகக் கண்ணாடி முன் நின்று எடுத்த முடிவு. கண்ணாடியில் தெரிந்த ஆள் உடனே ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொள்ள வேண்டிய இன்னொரு ஆள் சமையலறையில் இருந்தாள்.

மாமியாரைப் பற்றித் தப்பாக நினைக்காதீர்கள். போர்கில் அத்தை தங்கமானவர். வருடத்தில் ஐம்பத்தொரு வாரம் தங்கம். ஈஸ்டர் வாரம் வந்தால் மட்டும் ட்ரொண்ட்ஹைமிலிருந்து ரயிலேறி, ஐந்து பகடைக் காய்களோடு எங்கள் ஸ்டேஷனான டின்செட்டில் வந்து இறங்குவார். காலை எட்டு மணிக்குக் குடிலின் மேசையில் முதல் உருட்டு. மாலை விளக்கேற்றும்வரை உருட்டுவார். பதினாறு வருடமாக அவரே ஜெயிக்கிறார். நடுவில் அலுப்புத் தட்டினால் வெளியே போய், நான் அடுக்கிவைத்த விறகை எல்லாம் கலைத்துவிட்டுத் திரும்ப அடுக்குவார். "மாப்ள, பட்டை மேல் பக்கம் வரணும்" என்றார் ஒரு வருடம். அடுத்த வருடம் மேல் பக்கம் வரும்படி அடுக்கினேன். "கீழ்ப் பக்கம், மாப்ள" என்றார்.

நானும் பக்கத்து வீட்டு ஊட்முனும் போட்டிருந்த திட்டமே வேறு. குடிலுக்குக் கீழே ஏரி உறைந்து கிடக்கும். அதில் ஒரு துளை போட வேண்டும். தூண்டிலைப் போட்டுவிட்டு ஒரு வாரம் பேசாமல் உட்கார வேண்டும். பேசாமல் உட்காருவதில் எங்கள் இருவருக்கும் நாற்பது வருட அனுபவம் உண்டு. ஊட்முன் புழுகூட வாங்கிவிட்டான்.

துடைத்த முகத்தோடு சமையலறைக்குப் போனேன். என் மனைவி குன்வோர் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள்.

"குன்வோர், இந்த ஈஸ்டருக்கு நானும் ஊட்முனும் மட்டும் குடிலுக்குப் போறோம்."

"நல்ல ஆசைதான்."

"ஆசை இல்ல. முடிவு."

"காதுல நுரை இருக்கு, தொடச்சுக்கோ. அம்மா வர்றாங்க."

"யாரு முடிவு பண்ணது?"

"இதுல முடிவு பண்ண என்ன இருக்கு? டிசம்பர்ல குளிர் வருது, ஈஸ்டருக்கு அம்மா வர்றாங்க."

"குடில் எங்கப்பா கட்டினது."

"திரைச்சீலை எங்கம்மா தெச்சது. கட்டினவரு போய்ச் சேந்துட்டாரு. தெச்சவங்க கல்லு மாதிரி இருக்காங்க."

இதற்குமேல் பேசினால் நான் தோற்றுவிடுவேன் என்று தெரியும். எங்கள் கல்யாணத்தில் பேச்சு என்பது அவளுடைய மைதானம். என்னுடைய மைதானம் வேறு. அங்கே இழுத்துவிட வேண்டியதுதான்.

"ஞாயித்துக்கிழமை நம்ம துப்பாக்கிச் சங்கத்துப் பனிக்காலப் போட்டி இருக்கு" என்றேன். "அஞ்சு இடம், இடத்துக்கு ஆறு குண்டு. முப்பதுல யாருக்கு அதிகம் படுதோ, அவங்க சொல்றதுதான் ஈஸ்டர். என்ன சொல்ற?"

பின்னல் ஊசி ஒரே ஒரு கண்ணி நேரம் நின்றது.

"பேச்சு மாறமாட்டியே?"

"இந்த ஸ்டைனார் பேச்சு மாறினதா சரித்திரமே இல்ல."

"சரி" என்றாள். ஊசி திரும்ப ஓட ஆரம்பித்தது.

இங்கே என் பெருமையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் துப்பாக்கிச் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பது நான்தான். குன்வோருக்கும் இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் நானே சொல்லிக்கொடுத்தேன். என் முதல் பாடம் பள்ளத்தாக்கு முழுக்கப் பிரசித்தம். போட்டிக்கு முந்தின நாளே துப்பாக்கியைக் குளிரில் போட்டுவிடு. எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் கொண்டுவராதே. கொண்டுவந்தால் அதன் மேல் பொருத்தியிருக்கும், குறிபார்க்கிற கண்ணாடிக்கு உள்ளே வியர்க்கும். வெளியே எடுத்துப்போனதும் அந்த வியர்வை உறைந்துவிடும். அப்புறம் கண்ணை வைத்தால் இலக்கு தெரியாது, பால்தான் தெரியும். இதைக் கையை ஆட்டி ஆட்டி நான் சொல்வதை, சங்கத்து ஆட்கள் நான் இல்லாத நேரத்தில் நடித்துக்காட்டிச் சிரிப்பார்களாம். சிரிக்கட்டும். பாடம் மனத்தில் நின்றால் சரி.

வியாழக்கிழமை பயிற்சிக்குப் போனோம். குன்வோருக்கு இருபத்தைந்து பட்டது. எனக்கு இருபத்திரண்டு.

"காத்து" என்றேன்.

"அப்படியா? என் பக்கம் அடிக்கலியே" என்றாள்.

ஊட்முன் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"யோவ், புழுவ என்னய்யா பண்றது?"

"ஐஸ்ல வை. கெடாது."

"புழு கெடாது. ஆளு கெட்டுடுவான் போலிருக்கே. அவ சுடறதுக்குப் படுத்த இடத்துல பனிகூட அசையல. நீ படுத்தா கரடி பொரண்ட மாதிரி இருக்கு."

பகடைக் காய்கள் உருளுகிற சத்தம் காதுக்குள் கேட்டது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கம் ஒரு நாள், ஈஸ்டர் ஏழு நாள்.

எங்கள் இருவரின் துப்பாக்கிகளும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. அச்சு அசல் ஒன்றுதான். என்னுடையது சிவப்புப் பையில் இருக்கும், அவளுடையது நீலப் பையில். இரண்டும் கொல்லைக் கொட்டகையின் இரும்பு அலமாரியில், குளிரோடு குளிராகப் பூட்டிக் கிடக்கும். நாளைக் காலை நீலப் பை மட்டும் அடுப்படிக்கு விருந்துக்கு வந்தால் என்ன என்று சனிக்கிழமை முழுவதும் யோசித்தேன்.

"உன் துப்பாக்கி நீலப் பையிலதானே இருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"ஆமா."

மத்தியானம் சூப் குடிக்கும்போது, "நீலப் பையிலதான்னு சொன்னல்ல?" என்றேன்.

"ஆமாப்பா."

சாயங்காலம் இன்னொரு முறை கேட்டேன். உறுதி செய்துகொள்வதில் நான் கெட்டிக்காரன்.

ஞாயிறு காலை ஏழு மணி. வெளியே மைனஸ் பதினெட்டு. ஆடுகளுக்கு வைக்கோல் போடக் குன்வோர் தொழுவத்துக்குப் போனாள். நான் கொட்டகைக்கு ஓடினேன். நீலப் பையைத் தூக்கினேன். சமையலறைக்கு வந்து, பையின் ஜிப்பைப் பாதி திறந்து, குறிக்கண்ணாடி இருக்கிற இடத்தை மட்டும் வெளியே எடுத்து, அடுப்பின் பக்கத்தில் வைத்தேன். அடுப்பில் விறகைத் திணித்தேன். போதாதென்று காப்பிக் கெண்டியின் ஆவியையும் அதன் மேல் திருப்பினேன். தாலாட்டுப் பாடாததுதான் குறை. கண்ணாடி நன்றாக வியர்த்தது. நானும் வியர்த்தேன். வெளிப்பக்கத்தை மட்டும் துணியால் துடைத்து, ஜிப்பை மூடி, கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்து உட்காரவும் குன்வோர் பூட்ஸைத் தட்டிக்கொண்டு உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"என்னப்பா, அடுப்பு இந்த எரி எரியுது?"

"குளிரா இருந்துது."

"உனக்கா? நெத்தியெல்லாம் வேர்த்திருக்கே."

"காப்பி சூடு."

"பாவம். நீ குடி. துப்பாக்கி ரெண்டையும் நானே கார்ல ஏத்திடறேன்."

எவ்வளவு நல்ல மனைவி என்று நினைத்தேன். கொஞ்சம் மனசு உறுத்தியது. அவள் கொட்டகையிலிருந்து வர ஐந்து நிமிடம் ஆயிற்று. கையுறையைத் தேடினாளாம். வழி முழுக்கச் சீட்டி அடித்துக்கொண்டு வந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

காட்டுக்குள் மரங்களுக்கு நடுவே கறுப்பு அட்டை உருவங்கள் நின்றன. முதல் இடத்தில் நடுவர் ஊட்முன். தாடி முழுக்க உறைபனியோடு எனக்குக் கண்ணடித்தான். பனியில் பாயை விரித்தோம். நானும் குன்வோரும் அடுத்தடுத்துப் படுத்தோம். சிவப்புப் பையைத் திறந்து என் துப்பாக்கியை எடுத்தேன். கன்னத்தை வைத்தேன். கண்ணை வைத்தேன்.

பால்.

கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். கெட்டிப் பால். காடு இல்லை, அட்டை இல்லை, ஊட்முனின் தாடிகூட இல்லை. கையுறையால் துடைத்தேன். வெளியே ஒன்றும் இல்லை. எல்லாம் உள்ளே உறைந்திருந்தது. பக்கத்தில் குன்வோரின் துப்பாக்கி ஆறு முறை நிதானமாகப் பேசி முடித்தது. நான் குத்துமதிப்பாக வடக்குப் பக்கம் ஆறு குண்டு போட்டேன்.

ஊட்முன் அட்டைகளை எண்ணிவிட்டு வந்தான்.

"குன்வோர் ஆறு. ஸ்டைனார்..." என்று இழுத்தான். "யோவ், ஒரு பைன் மரத்துக்கு ஒண்ணு பட்டிருக்கு. அது கணக்குல வராது."

"கண்ணாடி பனி பிடிச்சிடுச்சு" என்றேன்.

"அது எப்படிப் பிடிக்கும்? குளிர்ல கெடந்த துப்பாக்கி பனி பிடிக்காதே. எவனாவது வீட்டுக்குள்ள கொண்டுபோய் அடுப்புகிட்ட வெச்சாத்தான் பிடிக்கும்."

வரிசையில் நின்ற பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒன்பது பேர் என் மாணவர்கள். குன்வோர் பாயைச் சுருட்டிக்கொண்டே, "ஆமாப்பா, எப்படி ஆச்சு?" என்றாள். முகத்தில் அப்படி ஒரு அக்கறை.

எனக்கு இரண்டே வழிதான் இருந்தது. பெண்டாட்டியின் துப்பாக்கி என்று நினைத்துச் செய்தேன் என்று உண்மையைச் சொல்லலாம். அல்லது முட்டாள் என்று பேர் வாங்கலாம்.

"மறந்துபோய் உள்ள கொண்டுபோயிட்டேன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. கடைசியில் நின்ற ஒருவன் மட்டும் கையை ஆட்டி ஆட்டி, "எக்காரணம் கொண்டும்..." என்று ஆரம்பித்தான். அப்புறம் காடே சிரித்தது.

ஐந்து இடமும் முடிந்தபோது குன்வோர் இருபத்தேழு. நான் நான்கு. அந்த நான்கும் எப்படிப் பட்டது என்று எனக்கே தெரியாது. ஊட்முன் என்னிடம் பேசவில்லை. வழக்கமாகப் பேசாத மாதிரி இல்லை. இது வேறு மாதிரி.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கேட்டுவிட்டேன்.

"எப்ப மாத்தின?"

"நேத்து சாயங்காலம். நீ மூணாவது தடவ நீலப் பையான்னு கேட்டியே, அப்புறம்தான். உன் துப்பாக்கிய நீலப் பையில வெச்சேன். காலைல கார்ல ஏத்தறப்ப திரும்ப மாத்திட்டேன்."

"அப்ப நான் அடுப்புகிட்ட வெச்சது..."

"உன்னோடதுதான். நல்லாக் குளிப்பாட்டியிருந்த."

"நான் அதத்தான் செய்வேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"உனக்கு ஒரு பாடம்தானேப்பா தெரியும்."

"நான் மட்டும் ஒழுங்கா சுட்டிருந்தா ஜெயிச்சிருப்பேன்" என்றேன்.

"உன் வாழ்நாள்ல அதிகபட்சம் இருபத்தாறு. இன்னிக்கு நான் எடுத்தது இருபத்தேழு."

"சரி, ஒரு பேச்சுக்கு நான் இருபத்தெட்டு எடுத்திருந்தா? உங்கம்மா வந்திருக்கமாட்டாங்கதானே?"

குன்வோர் கியரை மாற்றினாள்.

"அம்மாவுக்கு ஜனவரியிலயே ரயில் டிக்கெட் எடுத்தாச்சு."

"அப்புறம் எதுக்குப் போட்டிக்கு ஒத்துக்கிட்ட?"

"அம்மா வர்றது என்னிக்குப்பா பிரச்சினை? வந்தப்புறம் ஒரு வாரம் நீ மூஞ்சியத் தூக்கிவெச்சுக்கிட்டு உக்காருவியே, அதான் பிரச்சினை. பதினாறு வருஷமாப் பாத்தாச்சு. இந்த வருஷம் சிரிச்ச மொகமா இருக்கப்போற. ஒரு தடவ மூஞ்சி கோணிச்சுன்னாலும், என் துப்பாக்கின்னு நெனச்சு நீ அடுப்புகிட்ட வெச்ச கதைய ஊட்முன்கிட்ட சொல்லிடுவேன். சங்கம் பூரா பரப்பறத அப்புறம் அவனே பாத்துப்பான்."

ஈஸ்டர் வந்தது. அத்தையும் வந்தார். சிரித்துக்கொண்டே ஸ்டேஷனில் பெட்டியை வாங்கினேன். சிரித்துக்கொண்டே அவர் விறகைக் கலைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே ஒரு நாளைக்குப் பதினோரு ஆட்டம் தோற்றேன். ஜன்னலுக்கு வெளியே, கீழே ஏரியில் ஊட்முன் தனியாக ஒரு துளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்தும் சிரித்தேன். அவன் திரும்பி உட்கார்ந்துகொண்டான். எனக்குத் தாடை வலித்தது. ஆனாலும் ஏழு நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன், கடித்த பல்லும் வெளியே தெரிகிற மாதிரி.

ஏழாம் நாள் மத்தியானம், பெட்டியைக் கட்ட வேண்டிய நேரத்தில், அத்தை பகடையை உருட்டிவிட்டு என் முகத்தையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"குன்வோர், நான் வர்றது மாப்ளைக்குப் பிடிக்காதோன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன். மனுஷன் எவ்ளோ சந்தோஷமா இருக்காரு பாரு. நான் மே மாசம் ஊருக்குப் போய்க்கிறேன்."