போஸ்மா வீட்டு ஓக் அலமாரி

"இது போகாது, பெரியவரே," என்றார் ரினுஸ்.

வீடு மாற்றித் தரும் ஆட்களுக்கு மேஸ்திரி அவர். டேப்பை ஜன்னலில் ஒருமுறை, அலமாரியில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மற்ற சாமான்கள் எல்லாம் மூன்றாம் மாடி ஜன்னலில் சாய்த்து வைத்த ஏணி லிஃப்டில் இறங்கி, கால்வாய் ஓரத்தில் நின்ற லாரியில் ஏறியாகிவிட்டது. ஆம்ஸ்டர்டாமில் படிக்கட்டை நம்பி யாரும் கட்டில் வாங்குவதில்லை. போக்குவரத்து எல்லாம் ஜன்னல் வழிதான்.

லாம்பர்ட் போஸ்மா முதுகை நிமிர்த்தினார். ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. வீடு மாற்றும் நாளிலும் டை கட்டியிருந்தார்.

"உள்ள வந்தது வெளிய போகாதா? எங்க கொள்ளுத்தாத்தா ஹார்லிங்கன் துறைமுகத்துலேர்ந்து படகுல கொண்டுவந்தது இது. எங்கப்பா கல்யாணத்தப்ப, வெளிய கூரை உச்சியில நீட்டிக்கிட்டிருக்கே, அந்தக் கொக்கியில கட்டித்தான் மேல ஏத்தினாரு."

"அப்ப உங்கப்பா மந்திரவாதியா இருந்திருக்கணும்."

படகுக் கதையை முதலில் சொன்னது யார் என்று யாருக்கும் நினைவில்லை. மரியாதையான குடும்பங்களில் அதையெல்லாம் கேட்பதும் இல்லை. ஆனால் அந்த அலமாரிக்கு அப்பா கொடுத்த மரியாதையை லாம்பர்ட் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். ஞாயிறுதோறும் தேவாலயத்திலிருந்து வந்ததும், தொப்பியைக்கூடக் கழற்றாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் எதிரே நிற்பார். நீளமாக ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் தரைத்தளத்துத் தச்சரோடு காபி குடிக்க இறங்கிப் போய்விடுவார். குடும்பச் சொத்தின் முன்னால் ஒரு மனிதன் எப்படி நிற்க வேண்டும் என்பதை லாம்பர்ட் அங்கேதான் கற்றார்.

அப்பா காலமானபோது தங்கை கொர்ரி அலமாரியைக் கேட்டாள். மூத்த மகன் இருக்கும்போது அது எப்படி நடக்கும்? அன்றிலிருந்து, இருபது வருஷமாக, அவள் அண்ணனோடு நேராகப் பேசியதில்லை. பிறந்தநாள்களில் எல்லோரும் வட்டமாக நாற்காலி போட்டு, ஆளுக்கொரு துண்டு கேக்கோடு உட்கார்ந்திருக்கும்போது, அவருக்குச் சொல்ல வேண்டியதை அவர் மனைவி டினியைப் பார்த்துச் சொல்வாள். "ஒரு கீறல் விழுந்தாலும் அது என் வீட்டுக்கு வந்துடணும்னு சொல்லிவை, டினி." போன பிறந்தநாளில் சொன்னது இது. இன்று மதியம் வந்து நேரில் பார்ப்பதாகவும் சொல்லியிருந்தாள்.

ஆகவே அலமாரி முழுசாக இறங்க வேண்டும். அதுவும் அவள் வருவதற்குள்.

"புது ஃப்ளாட்டுல கூரை வேற தாழ்வு," என்றாள் டினி. "இங்கயே விட்டுட்டுப் போயிடலாம், லாம்பர்ட். அடுத்து வர்றவங்க பாத்துக்கட்டும்."

"சாமானை விட்டுட்டு ஓடறவங்க வேற குடும்பம்."

உச்சியில் செதுக்கியிருந்த மகுடத்தைக் கழற்றினால் சாய்த்து இறக்கிவிடலாம் என்று ரினுஸ் சொன்னார். கழற்றினார்கள். அது ஆணியில் அல்ல, பசையில் நின்றிருந்தது. மடாரென்று ஒரு சத்தம் கேட்டது. மரத்தில் செதுக்கிய ரோஜாப்பூ ஒன்று உருண்டு வந்து லாம்பர்ட்டின் காலடியில் நின்றது. அவர் குனிந்து எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அது கீறல் கணக்கில் சேராது, பழைய பசை விட்டுப்போனது மட்டும்தான் என்று ஆட்களுக்கு விளக்கினார்.

அப்போதும் இடித்தது. ஜன்னல் சட்டத்தைப் பெயர்க்கச் சொன்னார் லாம்பர்ட். பழமை மாறாமல் காக்க வேண்டிய வீடு, தொட்டால் வீட்டுச் சங்கத்துக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள் என்று டினி நினைவுபடுத்தினாள். சட்டம் பெயர்ந்தது. கூடவே சுவர்ப் பூச்சும் பெயர்ந்தது. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

இவ்வளவு கனத்தை ஏணி லிஃப்ட் தாங்காது என்று ரினுஸ் கையை விரித்தார். லாம்பர்ட்டுக்கு அது ஒருவகையில் திருப்தி. அப்பா ஏற்றிய கொக்கியிலேயே மகன் இறக்குவதுதான் முறை. கயிறு வந்தது, கப்பி வந்தது, ஆட்கள் கீழே நின்று இழுத்தார்கள். அலமாரி படுத்த வாக்கில் ஜன்னலுக்கு வெளியே பாதி தூரம் போனது. அங்கேயே நின்றுவிட்டது. அதன்பிறகு முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி அண்ணாந்து பார்த்தார்கள். சுற்றுலாப் படகு ஒன்று வேகத்தைக் குறைத்தது.

டினியின் போன் அடித்தது. கீழே குடையோடு கொர்ரி.

"டினி, உன் புருஷன்கிட்ட சொல்லு. எங்கப்பா மானம் ஜன்னல்ல தொங்குது."

மூச்சிரைக்க அவள் மூன்று மாடி ஏறி வருவதற்குள் ரினுஸ் முடிவாகச் சொல்லிவிட்டார். "ரம்பம் ஒண்ணுதான் வழி. இல்லன்னா இது இப்படியே இருக்கட்டும், நாங்க சாப்பிட்டுட்டு வர்றோம்."

லாம்பர்ட் கோட்டைக் கழற்றினார். டையைக் கழற்றவில்லை.

"வெளியாள் கை படக்கூடாது. ரம்பத்தை என்கிட்ட குடுங்க."

இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த அந்த நீள ரம்பத்தை ஜன்னல் விளிம்பை ஒட்டி வைத்தார். நாலு இழுப்பிலேயே அது தடம் மாறியது. கொர்ரி குடையை மூலையில் சாத்திவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"கோணலா அறுக்கிற, லாம்பர்ட். மெதுவா இழு."

இருபது வருஷத்தில் அவரைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தைகள். அண்ணனும் தங்கையும் மழையில் நனைந்தபடி அப்பாவின் அலமாரியை இரண்டாக அறுத்தார்கள். ஓக் மரம் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. அதில் இருவருக்கும் ஒரு பெருமை. ஒரு பாதி கொக்கியில் ஆடிக்கொண்டே இறங்கியது. பின்னாலேயே மறுபாதியும் இறங்கியது.

கால்வாய் ஓரத்தில் இரண்டு பாதிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. லாம்பர்ட் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு உனக்கு."

"மூத்தவன் நீ. எதுன்னு நீயே எடு."

அவர் தோளில் போட்டிருந்த கோட்டின் பையிலிருந்து ரோஜாப்பூவை எடுத்து அவள் கையில் வைத்தார். கொர்ரி அதை முந்தானை போலக் கிடந்த தன் சால்வையால் துடைத்தாள். பிறகு அதே சால்வையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். போஸ்மா குடும்பம் உடைந்திருக்கலாம், ஆனால் தலைகுனியவில்லை என்று லாம்பர்ட்டுக்குத் தோன்றியது. டையைச் சரிசெய்துகொண்டார்.

அப்போதுதான் தரைத்தளத்துக் கதவு திறந்தது. அந்தத் தச்சரின் மகன் ஓட்டோ நாயோடு வெளியே வந்தார். லாம்பர்ட்டைவிடச் சில வயது மூத்தவர், அதே வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், அதிகம் பேசாதவர். இரண்டு பாதிகளையும் சுற்றிவந்து பார்த்தார். ஒன்றை விரலால் தட்டினார். முகத்தில் ஒரு நிம்மதி.

"ஒரு வழியா எடுத்துட்டியா, லாம்பர்ட்? நாங்க மேல குடியிருந்தப்ப எங்கப்பா இத அந்த ரூமுக்குள்ளயே வச்சு செஞ்சுட்டு, வெளிய எடுக்க வழியில்லாம அப்படியே போட்டுட்டுக் கீழ வந்துட்டாரு. பாவம் உங்கப்பா, சாகிற வரைக்கும் ஞாயித்துக்கிழமையானா இறங்கி வந்து எங்கப்பாகிட்ட, 'உன் அலமாரிய எப்பய்யா எடுத்துட்டுப் போகப் போற'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."