காஞ்சிபுரம் துறைமுகம்

மாமியார் வீட்டில் மாப்பிள்ளை ஒரு வார்த்தை அதிகமாகப் பேசினால் அது ஆயுசுக்கும் அவன் பின்னாலேயே வரும். நான் பேசியது ஒரு வார்த்தை இல்லை, ஒரு பிரசங்கம்.

அப்போது எனக்கு மேற்குக் கரையில், கடல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. படகில் போய்க் கடல் நீரைப் புட்டியில் பிடிப்போம். எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று சீட்டு ஒட்டி, அரக்கு வைத்துப் பட்டணத்து ஆபீசுக்கு அனுப்புவோம். அங்கே உப்பை அளந்து, அச்சடித்து, கப்பல்காரர்களுக்கும் பல தேசத்துப் பண்டிதர்களுக்கும் சும்மாவே அனுப்பிவைப்பார்கள். கௌரவமான வேலைதான். ஆனால் சின்னக் காஞ்சிபுரத்தில் இருந்த என் மாமனாருக்கு, மாப்பிள்ளை மீன் ஆபீசில் இருக்கிறான் என்பதுதான் தெரியும். அதுவும் கல்யாணம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. (என் அப்பா 'சர்க்கார் உத்தியோகம்' என்று சொல்லியிருந்தார். பொய்யில்லையே.) அதிலிருந்து, பெண்ணை என்னோடு அனுப்பும் பேச்சை எடுத்தாலே "பார்க்கலாம்" என்பார் மனுஷர்.

தலை தீபாவளி வந்தது. அந்த மாதத்துப் புட்டிகளை நானே கையோடு பட்டணம் கொண்டுபோகும்படி உத்தரவு. போகிற வழியில் அரக்கோணத்தில் இறங்கி, பெட்டியும் நானுமாகக் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தேன். ஜட்கா ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் என் உயிர் போய் வந்தது.

"இன்னா சாமி, கொயந்தையாட்டம் மடியில வெச்சிக்கினு வர? பொட்டில இன்னா கீது?" என்றான் வண்டிக்காரன்.

"தண்ணி."

அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை.

சாயங்காலம் மாமனார் ஊஞ்சலில் உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தார். பள்ளிக்கூட வாத்தியார். கேள்வி கேட்டால் நமக்குத் தானாகவே கை கட்டிக்கொள்ளும்.

"சமுத்திரத்தைக் கண்ட நாள்ல தொடப்படாதுன்னு சாஸ்திரம். நீங்க தினம் தொடறேளாமே?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து காட்டினேன். "இது கரையே கண்ணுக்குத் தெரியாத இடத்து ஜலம். இதுல கிடைக்கற கணக்கை உலகம் பூரா படிக்கறா. அதை நம்பிக் கப்பல் போறது. இதுல ஒரு சொட்டு வீணாகப்படாது." மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதோடு நிறுத்தினேனா? தெருவெல்லாம் பட்டாசு, வீடெல்லாம் வாண்டுகள். அவர்கள் நுழையாத இடம் ஒன்றுதான் என்று, பெட்டியைப் பெருமாள் உள்ளில், விக்கிரகத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். நானே, என் கையால்.

விடியற்காலம் தலையில் எண்ணெய் வழிய, கொல்லையில் வெந்நீர் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் சொம்பை ஊற்றிக்கொண்டதும் உதட்டில் கரித்தது. வியர்வையாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது சொம்பிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். அந்த ருசி எனக்குத் தெரியும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மெல்லத் திரும்பினேன். துளசி மாடத்து ஓரமாக என் புட்டிகள் எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"அம்மா," என்றேன். "மிச்சம் ஏதாவது..."

மாமியாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "ஒரு சொட்டு வீணாக்கலை மாப்பிள்ளை. பெருமாள் முன்னாடி வெச்சுட்டேள், அப்புறம் அது தீர்த்தம்தானே. வெந்நீர் அண்டாவுல கலந்து ஆத்துல எல்லாருக்கும் ஆச்சு. எதிராத்துக்கும் ஒரு குடம் குடுத்தேன்."

நான் ஈரத்தோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வேலை போகும். வேலை போனால் 'பார்க்கலாம்' கூடக் கிடையாது. அது ஆபீசுக்குப் போகவேண்டிய ஜலம் என்று மாமியாரிடம் சொன்னேன். உள்ளே ஓடி உப்பு ஜாடியைக் கொண்டுவந்தாள்.

"கல்லுப்புப் போட்டுக் கலக்கிடலாமே. யாருக்குத் தெரியும்?"

எனக்கு அது ரொம்ப நல்ல யோசனையாகப் பட்டது. ஒரு பிடி உப்பைக் கையில் எடுத்தும்விட்டேன். மாமனார் வாசற்படியில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. கல்யாணமாகி அதுவரை அவள் என்னிடம் முழுசாக ஒரு வாக்கியம் பேசியதில்லை. "அந்தக் கணக்கை நம்பிக் கப்பல் போறதுன்னு நேத்து சொன்னேளே. நம்மாத்து உப்பை நம்பியா போகணும்?"

உப்பை ஜாடியில் போட்டேன். பட்டணத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். மாமனார் உள்ளே போனார். தீர்ந்தது, நம் சாமானை வெளியே வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அங்கவஸ்திரத்தோடு வந்தார். "நானும் வரேன். தப்பு எங்காத்துல நடந்தது."

மறுநாள் ஆபீசில் பெரிய துரை முன்னால் போய் நின்றோம். துரையிடம் மாமனார்தான் இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னார். துரை காலிப் புட்டி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தார். "நன்றாகத்தான் கழுவியிருக்கிறார்கள்," என்றார். "நல்லவேளை, நீ எதையும் ரொப்பிக் கொண்டுவரவில்லை. அந்த இடத்தில் கோடு போட்டு, காரணத்தையும் அச்சடித்துவிடலாம்."

வெளியே மேஜை மேல், போன மாதத்துக் கணக்குகள் தேசாந்திரங்களுக்குப் போகக் கட்டுக்கட்டாக இருந்தன. மாமனார் விலாசங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ரயிலடியில், "தை பிறக்கட்டும், அவளை அழைச்சுண்டு போங்கோ," என்றார். அழுகை வந்துவிட்டது எனக்கு.

அந்த மாதத்துக் கணக்கில் வெறும் கோடுகள்தான். அடியில் பொடி எழுத்தில் 'காஞ்சிபுரத்தில் பண்டிகை ஸ்நானத்துக்குச் செலவாயிற்று' என்று போட்டு உலகம் பூரா அனுப்பினார்கள். மாமியார் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினாள். சில மாதம் கழித்து எங்கோ ஒரு குளிர் தேசத்துப் பண்டிதரிடமிருந்து மரியாதையாக ஒரு கேள்வி வந்தது: 'காஞ்சிபுரம் என்ற துறைமுகம் எங்கள் கடல் படத்தில் இல்லையே, எந்தக் கரையில் இருக்கிறது?'

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரும் குளிக்கப் போவதில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "துறைமுகம் வரைக்கும் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்கிறார்கள். என் மனைவி மட்டும், "உப்புப் பார்த்துக்கோங்கோ" என்பாள்.