சிறுத்தைக்குப் பட்டர் கேக்

புத்தகம் படிக்கிறவர்களால் உலகத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. படித்த புத்தகத்தை அடுத்தவர் தலையில் கட்டுகிறார்களே, அவர்களால்தான் எல்லா வில்லங்கமும். நான் அந்த இரண்டாவது ரகம். என்னிடம் மணி என்ன என்று கேட்டால்கூட, மணியைச் சொல்லிவிட்டுக் கூடவே ஒரு புத்தகத்தையும் சிபாரிசு செய்து அனுப்புவேன்.

அப்போது மாத்தளை டவுனில் ஒரு போட்டோ கொப்பி கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் எங்கள் வாசகர் வட்டம் கூடும். ஆளுக்கொரு புத்தகத்தைச் சிபாரிசு செய்ய வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் கனமான ஆட்கள். போர், பஞ்சம், மனிதனின் தனிமை என்று பேசுவார்கள். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் மத்தியானச் சோறு தொண்டையில் இறங்காது. என்னிடம் இருந்ததோ இரண்டே வகை: லேசான துப்பறியும் கதை, சிறுவர் படப் புத்தகம். துப்பறியும் கதை என்றால் இரத்தம் தெறிக்கிற வகை இல்லை. முதல் அத்தியாயத்தில் ஒருவர் யாருக்கும் தொந்தரவு தராமல் செத்துப்போவார். பிறகு எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் ஒரு வயசாளி எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துக் குற்றவாளியைக் கை நீட்டிக் காட்டுவார். (அவரும் தகராறு பண்ணாமல் ஒத்துக்கொள்வார். நல்ல மனிதர்கள்.)

வட்டத்தில் என் பேச்சைச் சிரித்துக்கொண்டே கேட்ட ஒரே ஆள் ஸ்டெல்லா. எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. அவள் சிரிப்பதற்காக நான் பேச்சை நீட்டினேன். நான் நீட்டியதால் அவள் இன்னும் சிரித்தாள். இப்படியே போய், ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் வைத்து விஷயத்தைச் சொல்லியும்விட்டேன்.

"எனக்குச் சம்மதந்தாங்க. ஆனா அப்பாவுக்கு ஒங்களப் புடிக்கணும். கண்டியில பேங்க்ல வேலை செய்ற மாப்பிள்ளை ஒண்ணு பார்த்து வச்சிருக்காரு" என்றாள்.

பேங்க் மாப்பிள்ளைக்கு எதிராக போட்டோ கொப்பி மாப்பிள்ளை என்ன செய்ய முடியும்? என் கையில் இருந்த ஒரே ஆயுதம் சிபாரிசுதான்.

ஸ்டெல்லாவின் அப்பா சவரிமுத்து ஐயா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். நாள் முழுக்க மலையில் நின்று ஆட்களை விரட்டியவருக்கு இப்போது விரட்ட ஆள் இல்லை. வீட்டில் மனைவியையும் டி.வி.யையும் மாறி மாறி அதட்டிக்கொண்டிருந்தார். "அவருக்கும் ஏதாவது புத்தகம் குடுங்களேன். எங்க உசுர வாங்குறாரு" என்று ஸ்டெல்லா கேட்டதும், நான் ஒரு துப்பறியும் கதையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மனிதர் ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். பிறகு அதற்கடுத்தது. ஞாயிறுதோறும் துணிப்பையில் புத்தகம் நிரப்பிக்கொண்டு எல்கடுவ பஸ் ஏறுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. புத்தகங்களை எடுத்துக்கொண்டு வெறும் பையைப் பின்பக்கக் குசினி வாசலில் வைத்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்தால், நானும் அவரும் கொலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவோம். பேச்சில் சூடு ஏறினால் வீட்டிலுள்ளவர்கள் எல்லோரும் முன்னறைக்கு வந்துவிடுவார்கள்.

அப்படி ஒருநாள் பெரிய நிபுணர் மாதிரி அவருக்கு ஒரு சூத்திரமும் சொல்லிக்கொடுத்தேன்.

"ஐயா, முறைச்சிக்கிட்டுத் திரியிறவனெல்லாம் குத்தவாளி இல்லீங்க. எவன் எல்லாருக்கும் நல்லவனா இருக்கானோ, எவன் வாய் ஓயாமப் பேசுறானோ, எவன் வரும்போதெல்லாம் கையில ஏதாவது கொண்டு வாறானோ, அவன்தான். கண்ண மூடிக்கிட்டுப் புடிச்சிரலாம்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். மரியாதை கூடிவிட்டது என்று நினைத்தேன்.

இதற்கிடையில் ஸ்டெல்லாவின் முன்பள்ளிக்கும் ஒரு படப் புத்தகத்தைச் சிபாரிசு செய்திருந்தேன். அழகான புத்தகம். காட்டில் தனியாக இருக்கிற ஒரு சிறுத்தைக் குட்டி பசியோடு வீடு வீடாகப் போகும். எல்லோரும் கதவைச் சாத்துவார்கள். கடைசி வீட்டில் ஒரு சின்னப் பெண் பிஸ்கட் கொடுப்பாள். இருவரும் கட்டிப்பிடித்துத் தூங்குவார்கள். அந்தக் கடைசிப் படத்தைப் பார்த்து நானே கண் கலங்கியிருக்கிறேன்.

ஸ்டெல்லா பக்கங்களைப் புரட்டிவிட்டுத் தயங்கினாள். "படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க பக்கம் நெசமாவே சிறுத்தை வருதே. போன மாசம் மேல் லயத்து நாயத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சி."

"அப்போ இன்னும் பொருத்தம்! பிள்ளைங்களுக்குப் பயம் போயிரும்" என்றேன்.

டவுன்காரன் வாய் அது. சிறுத்தையை நான் பார்த்ததெல்லாம் கலண்டரில் மட்டுந்தான். அவளும் என் பேச்சை நம்பிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வரும் நேரம் பார்த்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து அவளுடைய முன்பள்ளிப் பிள்ளைகளும் கதை கேட்க வந்துவிடுவார்கள். முற்றத்தில் அந்தக் கதையை வாசித்துக் காட்டிவிட்டு, ஸ்டெல்லாவும் முன்னறைக்கு வந்துவிடுவாள்.

அதற்குப் பிறகுதான் சவரிமுத்து ஐயா வீட்டுக் குசினியில் சாமான்கள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் பிஸ்கட். பிறகு பொரித்து வைத்த முட்டை. பிறகு ஒரு பொட்டலம் கருவாடு. பூனை என்றார்கள். பூனை டப்பா மூடியைத் திறந்து, திரும்ப மூடியும் வைக்குமா என்று ஐயா கேட்டார். அவர் கண்ணில் அப்படி ஒரு ஒளியை நான் அதுவரை பார்த்ததில்லை. துப்பறிய ஆள் இருந்தது, படித்த அனுபவம் இருந்தது, இப்போது குற்றமும் கிடைத்துவிட்டது.

என் பக்கமும் ஒரு மர்மம் நடந்துகொண்டிருந்தது. எல்கடுவயிலிருந்து திரும்பும்போதெல்லாம் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காருவதில்லை. மாத்தளையில் இறங்கினால் பஸ் ஸ்டாண்ட் பூனைகள் என் பின்னால் வரிசையாக வரும். நான் இரக்கமுள்ளவன் என்று அந்த வாயில்லா ஜீவன்களுக்காவது தெரிகிறதே என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். (இதற்கு மேல் ஒரு மனிதன் மடையனாக இருக்க முடியாது.)

ஒருவழியாக, அடுத்த ஞாயிறு பெண் கேட்டு வரச் சொல்லி ஐயாவிடமிருந்து தகவல் வந்தது. என் அம்மா தன் கையால் பெரிய பட்டர் கேக் ஒன்று செய்து ஐசிங் போட்டார். வாழைப்பழச் சீப்பு, பிஸ்கட் டின், கேக் எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி, அப்பாவுக்குப் புதுச் சேர்ட் போட்டுவிட்டு, மூன்று பேரும் திரீவீலரில் மலை ஏறினோம். பழக்கதோஷத்தில் துணிப்பையையும் எடுத்துக்கொண்டேன்.

போனால், முன்னறையில் கதிரைகள் வட்டமாகப் போட்டிருந்தன. சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், கோயில் உபதேசியார் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். 'இவ்வளவு பேரைக் கூப்பிட்டு வைத்துச் சம்மதம் சொல்லப்போகிறார்' என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. தட்டை உள்ளே வாங்கி வைத்தார்கள். சவரிமுத்து ஐயா எழுந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வட்டத்துக்குள் நடந்தார்.

"இந்த வீட்டுல களவு நடக்குது" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை.

"களவு நடக்கிறது எல்லாமே ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை இந்த வீட்டுக்கு வாறது யாரு? எல்லாருக்கும் நல்லவன் யாரு? வாய் ஓயாமப் பேசுறவன் யாரு? வரும்போதெல்லாம் கையில ஏதாவது கொண்டு வாறது யாரு?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி நடந்து சரியாக என் கதிரைக்கு முன்னால் வந்து நின்றார். "பிரதான சந்தேகநபர் இவருதான்!"

என் சொந்தச் சூத்திரம்! வார்த்தை மாறாமல்!

"ஐயா, நான்..." என்று எழுந்தேன். அவர் என் கையிலிருந்த துணிப்பையைப் பிடுங்கி உபதேசியாரின் மூக்கருகில் நீட்டினார். "மோந்து பாருங்க." உபதேசியார் மோந்து பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். "கருவாடு" என்றார்.

என் அம்மா எழுந்தார் பாருங்கள். "யாரப் பார்த்துத் திருடன்னு சொல்றீங்க? எம்புள்ள கருவாட்டு வாசத்துக்கே வாந்தி எடுக்கிறவன்! சின்னதுல குழம்புல போட்டாலே தட்டத் தள்ளிருவான்!"

"திங்கிறதுக்குத்தான் எடுத்தாருன்னு நான் சொல்லலியே. டவுனுல விக்கிறதுக்கா இருக்கலாம்."

"ஒரு பொட்டலக் கருவாட்ட வித்து எம்புள்ள மாடி வீடு கட்டப்போறானா? எந்திரிங்க, போவோம்!" என்று அப்பாவை இழுத்தார். அப்பா பாவம், பிளேன் டீ வருமா வராதா என்று காத்துக்கொண்டிருந்தவர். ஸ்டெல்லாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. வாழ்க்கையில் பேசவேண்டிய ஒரே நேரத்தில் நான் ஊமையாக நின்றேன். அவள் எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

அந்த நேரம் குசினியிலிருந்து ஸ்டெல்லாவின் அம்மாவின் சத்தம் கேட்டது. "ஐயோ, கேக்கைக் காணோம்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வட்டத்துக்கு நடுவில் எல்லோர் கண் முன்னாலும் நின்றுகொண்டிருந்தேன். சவரிமுத்து ஐயாவின் முகம் விழுந்துவிட்டது.

பின்வாசலிலிருந்து ஐசிங் சிந்திக்கொண்டே போயிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் தேயிலைக்குள்ளால் ஏறினோம். மேலே காட்டோரத்தில் ஒரு பாறை. அதற்குப் பக்கத்தில் முன்பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். வாழை இலையில் அம்மாவின் பட்டர் கேக். அதன் மேல் அலங்காரத்துக்கு இரண்டு கருவாடு. டிலானி என்கிற வாண்டு படப் புத்தகத்தை விரித்துக் காட்டின் பக்கம் பிடித்துக்கொண்டிருந்தது. "குட்டிச் சிறுத்தை, வெக்கப்படாம வாங்க" என்று எல்லோரும் கோரஸாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி பண்றீங்க?" என்று ஸ்டெல்லா கத்தினாள்.

"டீச்சர், சத்தம் போடாதீங்க. அது பயந்துரும்" என்றது டிலானி. "நாங்க ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சாப்பாடு வைக்கிறோம். இந்த மாமா ஐயாகூட பேசத் தொடங்கினா யாரும் குசினிக்கு வரமாட்டாங்க. மாமா பையிலதான் சாமான் கொண்டு வாறது. பொறவு வாசல்லயே வச்சிருவோம்."

அப்போதுதான் என் அம்மா தரையைக் காட்டி, "இது நாய்க் காலா?" என்று கேட்டார். பாறைக்குக் கீழே ஈர மண்ணில் ஒரு தடம் இருந்தது. என் உள்ளங்கை அளவு. நாய்க்கு அவ்வளவு பெரிய கால் கிடையாது. கடைசிப் படத்தைப் பார்த்துக் கண் கலங்கிய மடையன், இந்தப் பிள்ளைகளை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்! ஆளுக்கு இரண்டு பிள்ளைகளாக அள்ளிக்கொண்டு ஒரே ஓட்டமாகக் கீழே இறங்கினோம். டிலானி என் தோளில் இருந்துகொண்டு, கேக்கை விட்டுவிட்டு வந்ததற்காக வழி முழுக்க அழுதது.

பிள்ளைகளை எண்ணி, பெற்றோரைக் கூப்பிட்டு, ஒப்படைத்து, திட்டு வாங்கி முடிந்தது. எல்லோரும் மீண்டும் முன்னறையில் உட்கார்ந்தோம். சவரிமுத்து ஐயா மட்டும் உட்காரவில்லை. அவர் படித்த கதைகளில் துப்பறிகிறவர் தோற்றதே இல்லை. தொண்டையைக் கனைத்தார்.

"நான் சொன்னது சரிதான். களவெடுத்தது புள்ளைங்க. தூண்டுனது யாரு? அந்தப் புத்தகத்தக் குடுத்தது யாரு? குத்தவாளி இவருதான்."

"ஆமாங்க, நான்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"குத்தவாளிக்கு எப்படிப் பொண்ணு குடுக்கிறது?" என்று அவர் உபதேசியாரைக் கேட்டார்.

உபதேசியார் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா எழுந்தாள். "அப்போ நானும் கூட்டாளிதான் அப்பா. புத்தகத்த வாசிச்சிக் காட்டினது நானு. ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல போட்டு அடைச்சிருங்க."

முதலில் சிரித்தது என் அப்பா. (அன்றைக்கு அவர் வாயைத் திறந்தது அதற்கு மட்டுந்தான்.) பிறகு உபதேசியார். கடைசியாக, அடக்கிப் பார்த்தும் முடியாமல், சவரிமுத்து ஐயா. அதற்குப் பிறகுதான் பிளேன் டீ வந்தது.

கோயிலில் எங்கள் கல்யாண ஓலை வாசித்தபோது, தடை ஏதும் தெரிந்தால் அறிவிக்கலாம் என்று சுவாமியார் சொன்னதும் முன் வரிசையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. கோயிலே திரும்பிப் பார்த்தது. மாமனார்தான். இருமினதோடு சரி. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை அவர் என்னை ஒரு தடவைகூட மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. "சந்தேகநபர் சாப்பிட்டாச்சா?" "சந்தேகநபர் எத்தன மணி பஸ்ஸுல வாறாரு?" வீட்டில் ரிமோட் காணாமல் போனால்கூட மாத்தளைக்குப் போன் எடுத்து, நான் எங்கே இருக்கிறேன் என்று விசாரித்துவிட்டுத்தான் தேடத் தொடங்குவார்.

போன மாதம் எங்கள் மகளை டவுனில் ஒரு முன்பள்ளியில் சேர்த்தோம். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். அவள் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, "எங்கப்பா சந்தேகநபர்" என்றிருக்கிறாள்.

டீச்சர் என்னை வரச் சொன்னார். போய் உட்கார்ந்து, சிறுத்தை, கருவாடு, கேக், கல்யாணம் என்று ஒன்று விடாமல் விளக்கினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார், சிரித்தார், நல்லவராகத்தான் தெரிந்தார். நான் புறப்படுவதற்கு முன் பழக்கதோஷத்தில், "டீச்சர், ஒங்களுக்கு ஒரு நல்ல புத்தகம் சொல்லட்டா?" என்று கேட்டேன்.

அவர் சிரிப்பு மாறாமலே, மேசையிலிருந்த தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.